பின்போர்ஷன்காரனுக்குக் காது கேட்கிறது

அஸ்தினாபுரம்,
குரோம்பேட்டை.
14-6-97, சனிக்கிழமை.

அன்பும் பதவியும் ஒருங்கே வாய்த்த மைத்துனர் சம்பத் அவர்களுக்கு, ஓய்வு பெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகர் பக்தவச்சலம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் அக்கா சரசுவும் ஆண்டவன் புண்ணியத்தில் நலம். அங்கே தாங்களும், குடும்பத்தாரும், தங்கள் பொறுப்பில் உள்ள கோப்புகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் ‘தாங்கள்’ என்று வரும் இடமெல்லாம் ஆபீஸ் சூப்பிரண்டண்டுக்கு. அதைக் கோப்பில் வைக்கலாம். ‘நீ’ என்று வரும் இடமெல்லாம் மைத்துனனுக்கு; படித்துவிட்டுக் கிழித்துவிடு. உறையின் ஒட்டு பிரிந்திருந்தால் உடனே தெரிவிக்கவும். இந்தத் தெருவில் யாரையும் நம்புவதற்கில்லை.

விஷயம் இதுதான். தங்கள் அலுவலகத்தில் ரிக்கார்டு கிளார்க் வேலைக்கு, டெல்லியில் புதிதாகப் போட்டிருக்கும் ஊனமுற்றோர் சட்டத்தின்படி, காது கேளாதவருக்கான இடத்தில் எத்திராஜ் என்று ஒருவன் தேர்வாகியிருக்கிறான். வருகிற இருபதாம் தேதி உத்தரவில் கையெழுத்தாகப் போகிறது. அந்த எத்திராஜ் என் வீட்டுப் பின்போர்ஷனில்தான் குடியிருக்கிறான். அவனுக்குக் காது கேட்கிறது. பொறுப்போடும் ஆதாரத்தோடும் எழுதுகிறேன். போன மாதம் இதே விஷயமாகத் தங்கள் அலுவலகத்துக்குக் கையெழுத்தில்லாத மனு ஒன்று வந்ததாகவும், அதன் பேரில் எத்திராஜ் புதிதாக டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் இடம் கிடையாது என்று தாங்கள் கார்டு அனுப்பியதாகவும் கேள்விப்பட்டேன். அந்த மனுவை யார் எழுதினார்களோ எனக்குத் தெரியாது. ஆனால் நல்ல தமிழ், தெளிவான கையெழுத்து என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பாய். முப்பத்திரண்டு வருஷம் பீச்-தாம்பரம் எலெக்ட்ரிக் ரயிலில் டிக்கெட் கேட்டவன் நான். டிக்கெட் எடுக்காதவன் என்னென்ன வேஷம் போடுவான் என்று எனக்குத் தெரியாதா? தூங்குவான், மயங்கி விழுவான், வேறு பாஷை பேசுவான். இருப்பதிலேயே அதிகம் ஊமை வேஷம்தான். 1974-இல் ஒருத்தன் கிண்டியிலிருந்து கையை ஆட்டி ஆட்டியே வந்தான். பல்லாவரம் வந்ததும் அவன் கால் மேல் ஏறி நின்றேன். என் பாட்டனார் வரைக்கும் இழுத்துத் திட்டினான். தங்கமான உச்சரிப்பு. அன்றிலிருந்து கையால் பேசுகிற எவனையும் நான் நம்புவதில்லை.

வீட்டு நிலவரத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லாம் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டிருக்குமோ என்று சந்தேகிக்கிறேன். உன் அக்கா இரண்டு வருஷமாக வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வருவதில்லை. என்னவென்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். வானொலியிலும் சிக்கனம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். குமிழைக் கடைசி வரை திருகினால்தான் செய்தி வாசிப்பவர் லேசாக வாயைத் திறக்கிறார். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, குமிழைக் குறைக்கிற மாதிரி கையைத் திருகிக் காட்டுகிறார். வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துபோகும்? கீரைக்காரி கூவாமலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகிறாள். ஆனால் மற்ற வீட்டுப் பெண்கள் மட்டும் எப்படியோ தெரிந்துகொண்டு வெளியே வந்து வாங்கிவிடுகிறார்கள். எல்லோரும் சேர்ந்து எனக்கு எதிராக ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள். என்னவென்று இன்னும் பிடிபடவில்லை.

இந்த நிலையில்தான் எத்திராஜ் குடிவந்தான். வயது இருபத்தொன்பது. தாம்பரத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் வேலை; அந்த அச்சகம் தீபாவளிக்குள் மூடப்போகிறதாம். கூட அவனுடைய அக்கா அங்காளம்மாள். கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரி, குரோம்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். மீன் விற்ற தொண்டை. உண்மையைச் சொன்னால், இந்தத் தெருவில் மனுஷனுக்கு மரியாதை கொடுத்து வாய் திறந்து பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

முதல் ஆதாரம், மணி. ஒரு நாள் அவர்கள் வாசலில் இருந்த மணியை அழுத்தினேன். மணி அடிக்கவே இல்லை. காதைக் கதவில் வைத்துக் கேட்டேன், ஒரு சத்தமும் இல்லை. ஆனால் அடுத்த விநாடி எத்திராஜ் கதவைத் திறந்துகொண்டு சிரித்தபடி நிற்கிறான். வீட்டுக்காரன் எனக்கே கேட்காத மணி குடியிருப்பவனுக்குக் கேட்கிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட காதாக இருக்க வேண்டும்! சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு தடவை அழுத்தினேன். பதினொரு தடவையும் வந்தான். பன்னிரண்டாவது தடவை அங்காளம்மாள் வந்தாள்.

“இன்னா சார், சொம்மா சொம்மா அமுக்கிகினே கீறே? அந்தப் புள்ளயத் துன்ன வுட மாட்டியா? அது பெல்லு இல்ல சார், பல்பு! நீ இங்க அமுக்கினா உள்ள செவுத்துல லைட்டு எரியும். அவனே ஒயர் இய்த்து மாட்டிகினான்.”

உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டவும் செய்தாள். சிவப்புச் சாயம் பூசிய ஒரு பல்பு. கேட்ட உடனே பதில் தயாராக வைத்திருப்பவர்களைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அதுவும் தவிர, பல்பு எரிந்தால் எழுந்து ஓடிவர மனுஷன் என்ன விட்டில் பூச்சியா?

இரண்டாவது ஆதாரம், மோட்டார். கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போய், மோட்டார் தண்ணீர் ஏற்றாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதற்கு மூன்றடி தள்ளி நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கே ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வீட்டுக்குள் சோறு தின்றுகொண்டிருந்த எத்திராஜ் எச்சில் கையோடு ஓடிவந்து சுவிட்சை அணைக்கிறான்! எப்படித் தெரிந்தது என்று சைகையில் கேட்டேன். உள்ளங்காலைத் தொட்டுக் காட்டி, தரையைக் காட்டி, கையை உதறிக் காட்டினான். தரை அதிர்ந்ததைக் கால் சொன்னதாம். யாரிடம் பூச்சுற்றுகிறான்?

மூன்றாவதாக, போன தீபாவளிக்கு மிஞ்சிய லட்சுமி வெடி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அவன் படியில் உட்கார்ந்து பாடப் புத்தகம் ஏதோ படித்துக்கொண்டிருந்தான். பின்னால் போய்ப் பற்றவைத்தேன். நமுத்துப்போன வெடி, பொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் தெருவில் ஆறு வீட்டுக் கதவு திறந்தது. உன் அக்கா பால் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர் வந்து என் முகத்துக்கு நேராக ரொம்ப நேரம் வாயை அசைத்துவிட்டுப் போனார். எத்திராஜ் மட்டும் திரும்பவே இல்லை. இதைத்தான் தாங்கள் கவனிக்க வேண்டும். உண்மையாகவே காது கேட்காதவன் என்றால் எதேச்சையாக ஒரு தடவையாவது திரும்பியிருப்பான். இப்படித் துளிகூடத் திரும்பாமல் இருக்க வேண்டுமென்றால் நல்ல பயிற்சி வேண்டும்.

நான்காவது ஆதாரத்தை எழுதக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் பரிசோதகனுக்கு அழகில்லை. செவ்வாய்க்கிழமை காலை எத்திராஜ் வேலைக்குக் கிளம்பியபோது, குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு பின்தொடர்ந்தேன். குரோம்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்டத்தில் அவனுக்கு முன்னால் போய்விட்டேன். ஒரு வண்டி போனது. ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு எப்போது கடக்கலாம் என்று தெரியாதா? கட்டைக்கு அடியில் குனிந்து நுழைந்து, ஒரு தண்டவாளத்தைத் தாண்டி அடுத்ததில் கால் வைத்தேன். பின்னாலிருந்து யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் ஜல்லிக் கல் மேல் மல்லாந்து விழுந்தேன். என் குடை இருந்த இடத்தில் எக்ஸ்பிரஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. ஹாரன் அடிக்கவே இல்லை, சம்பத்! இழுத்தவன் எத்திராஜ்.

கேட்கீப்பர் ஓடிவந்து என் காதோரம் குனிந்து, “யோவ் பெர்சு! தாம்பரத்துலேர்ந்து ஊதிகினே வரான் டிரைவரு, நீ பாட்டுக்குப் பூந்து போறியே! சாவறதுக்கு என் கேட்டுதான் கெட்ச்சுதா?” என்று கத்தினான். ஹாரன் அடித்ததாகச் சுற்றி நின்ற இருபது பேரும் தலையை ஆட்டினார்கள். இருபது பேர் கூடி ஒரே பொய்யைச் சொல்வது எவ்வளவு சுலபமாகிவிட்டது பார்.

எனக்கும் கேட்காத வண்டி அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் என் கேள்வி. கண்ணால் பார்த்ததாகச் சைகை காட்டினான். இரண்டு பக்கமும் பார்க்காமல் அவன் எந்தத் தெருவையும் தாண்டியதில்லையாம். ஆனால் ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுதுகிறேன். வேலைக்கு நேரமாகியும் அவன் உடனே கிளம்பவில்லை. ஜல்லியில் குனிந்து தேடி, அறுந்துபோன என் சட்டைப் பொத்தான்களைப் பொறுக்கிக் கொடுத்தான். நான்கில் மூன்று. நான்காவது எங்கே போனது என்பதையும் விசாரிக்க வேண்டும்.

இனிமேல் தாமதிக்கக்கூடாது என்று, வியாழக்கிழமை அவன் சர்டிபிகேட்டுக்குப் போகும்போது நானும் துணைக்கு வருகிறேன் என்றேன். டாக்டர் முன்னாலேயே குட்டை உடைத்துவிடலாம் என்று திட்டம். அங்காளம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். ரயிலில் பெட்டி முழுக்கக் கேட்கும்படி என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்:

“எவனோ மொட்டக் கடுதாசி போட்டுகினு கீறான் சார். அவன் கை உளுந்து பூட! ஒம்போது வருசமா எம்ப்ளாய்மெண்ட் ஆபீசுல பதிஞ்சு வெச்சு, இப்பத்தான் மொத மொத ஒரு கார்டு வந்துது. பிரஸ்ஸையும் மூடப் போறான். இது பூட்ச்சுன்னா இவன் எங்க போவான் சார்? நாங்க இன்னா பிச்சையா கேக்கறோம்? சட்டம் கீது சார்! நூத்துல ஒரு எடம் இவுங்களுக்குன்னு எய்தி வெச்சுகீது!”

நான் என் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். எத்திராஜ் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பேப்பர் துணுக்கை எடுத்துக் காட்டினான். அந்தச் சட்டம் வந்த செய்தி. மடித்த இடமெல்லாம் வெள்ளையாகி, ஓரம் நைந்திருந்தது. டிக்கெட் பார்க்கிற பழக்கத்தில் அதைத் திருப்பியும் பார்த்தேன். போலி இல்லை.

ஆஸ்பத்திரியில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஓர் அறை. எத்திராஜை உள்ளே உட்காரவைத்து, காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும் என்றார்கள். சின்ன வயது லேடி டாக்டர் வெளியே உட்கார்ந்து குமிழ்களைத் திருகினார். எத்திராஜ் விரலைத் தூக்கவே இல்லை. நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். மெஷினைப் போடவே இல்லை! டாக்டரிடம் சொன்னேன். அந்த அம்மாளும் நம் சரசு மாதிரியே உதட்டை அசைத்தார். அங்காளம்மாள்தான் என் பக்கம் திரும்பி, “மிசினு ஓடுதா இல்லியான்னு நீயே குந்திப் பாருன்றாங்கோ!” என்று கத்தினாள். அதே மூச்சில் தம்பிக்குக் கையால் சொன்னாள். அன்று முழுக்க அவளுக்கு இதே வேலை, ஒரு பக்கம் கை, மறு பக்கம் தொண்டை.

உட்கார்ந்தேன். மாட்டிக்கொண்டேன். விரலைத் தயாராக வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் காத்திருந்தேன். நான் நினைத்தபடியே மெஷினைப் போடவில்லை. கடைசியில் மட்டும் ஏதோ வண்டு மாதிரி இரண்டு தடவை ரீங்காரம் கேட்டது. அதற்கு விரலைத் தூக்கினேன். வெளியே வந்தபோது டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எத்திராஜுக்கு ஒரு தாளும் எனக்கு ஒரு தாளும் எழுதிக் கொடுத்தார். எனக்கு எதற்குத் தாள்? வாயடைக்கப் பார்க்கிறார்கள். படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆகவே, ஓடாத மெஷினை வைத்துக் கொடுத்த சர்டிபிகேட் செல்லாது. மேற்படி எத்திராஜின் நியமனத்தைத் தாங்கள் உடனடியாக நிறுத்திவைக்க வேண்டியது. சட்டம் வந்ததே தப்பு என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே காது கேட்காத ஒருவருக்கு அது போய்ச் சேர வேண்டும். அப்படி ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதை எழுதும்போதுகூட உன் அக்கா கொல்லைப்புறத்தில் இருக்கிறாள். ஒரு வேலை சொல்ல வேண்டுமென்றாலும் வாய் திறந்து கூப்பிட மாட்டாள். அவளுக்கு நீயாவது புத்தி சொல்லி ஒரு கடிதம் போடு. குழந்தைகளுக்கு என் ஆசிகள். தீர்க்காயுசோடும் பதவி உயர்வோடும் வாழ்க.

இப்படிக்கு,
எதையும் சோதித்தே நம்புகிற,
பக்தவச்சலம்.

பி.கு.: 15-6-97, ஞாயிறு. மேலே எழுதியதில் ‘தாங்கள்’ வருகிற இடத்தையும் சேர்த்துக் கிழித்துவிடு.

நேற்று அந்தக் கடைசி வரிகளை எழுதிக் கையெழுத்துப் போட்டபோது, உன் அக்கா கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து கிடந்திருக்கிறாள். கால் பிசகி எழுந்திருக்க முடியவில்லை. நான் பத்தடி தள்ளி, ஜன்னலுக்கு இந்தப் பக்கம், அவள் வாய் திறந்து கூப்பிட மாட்டாள் என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கூப்பிட்டிருக்கிறாள். மார்க்கெட்டிலிருந்து திரும்பிய அங்காளம்மாளுக்குத் தெருமுனையிலேயே கேட்டிருக்கிறது. மீன் கூடையை நடுத்தெருவில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். அவள் என் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் நான் திரும்பினேன்.

நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. கட்டுப் போட்டுப் படுக்க வைத்ததும் உன் அக்கா, எத்திராஜ் மற்றவர்களுக்கு எழுதிக் காட்டுவதற்காக வைத்திருக்கிற நோட்டை வாங்கி எனக்கு ஒரு வரி எழுதினாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் எனக்கு எழுதிய முதல் கடிதம். ‘நான் முணுமுணுக்கவில்லை. இரண்டு வருஷமாகக் கத்துகிறேன்.’

அதன் பிறகு டாக்டர் கொடுத்த தாளை எடுத்துப் படித்தேன். இரண்டு காதுக்கும் தனித்தனியாக எழுதியிருந்தது. அவமானமாக இருந்தது, சம்பத். பயமாகவும் இருந்தது. ரொம்ப நேரம் அழுதேன். அதுவும் எனக்குக் கேட்கவில்லை.

பிறகு பின்போர்ஷனுக்குப் போய், அந்த மொட்டை மனு நான் எழுதியது என்று எத்திராஜின் நோட்டில் எழுதிக் காட்டினேன். அங்காளம்மாளும் வாசித்தாள். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. எத்திராஜ் கோபத்தில் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து போனான். இன்று காலை அவனே வந்தான். வீட்டில் எங்கெங்கே பல்பு மாட்டலாம் என்று சுவரைப் பார்த்தான். சந்தோஷமாக எழுந்து நின்றேன். நோட்டில் எழுதிக் காட்டினான்: ‘முதலில் ஆபீசுக்கு எழுதுங்கள். பிறகு பல்பு.’ ஆகவே, இனி வரும் பாரா மட்டும் கோப்புக்கு.

தங்கள் அலுவலகத்துக்குப் போன மாதம் வந்த கையெழுத்தில்லாத மனு நான் எழுதியது. அதில் உள்ள ஒரு வரியும் உண்மையில்லை. திரு. எத்திராஜ் அவர்களுக்குக் காது கேட்காது. நானே பக்கத்திலிருந்து பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் ஏமாற்றவில்லை. கேட்காமலே அவர் தெரிந்துகொண்டதெல்லாம் கண்ணாலும் காலாலும்தான். அவருடைய சர்டிபிகேட்டின் நகல் இத்துடன் உள்ளது. ஒன்பது வருஷம் காத்திருந்து சட்டப்படி அவருக்கு வந்த இடம். என் பொய்யால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாமல் இருபதாம் தேதியே உத்தரவில் கையெழுத்திட வேண்டுகிறேன். இதற்காக என்மேல் நடவடிக்கை எடுப்பதானால் எடுக்கவும். கையெழுத்து: வ. பக்தவச்சலம்.

இதை அவனிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தான். கம்பாசிட்டர் அல்லவா, இரண்டு எழுத்துப் பிழை திருத்தினான். ‘திரு.’ என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து அதை மட்டும் இன்னொரு தடவை படித்தான். பிறகுதான் ஏணி எடுத்துவரப் போனான். நாளைக் காலை இதைப் பதிவுத் தபாலில் போடப்போவதும் அவன்தான். உறையின் ஒட்டு பிரிந்திருந்தால் பரவாயில்லை.

பதிலைக் கடிதமாகவே போடு, சம்பத். போன் செய்யாதே. உன் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவிட்சும், நான் எழுதுகிற மேஜைக்கு மேலே பல்பும் மாட்டி முடித்துவிட்டான். சிவப்புச் சாயம் இன்னும் காயக்கூட இல்லை. எரிகிறது. உன் அக்கா கூப்பிடுகிறாள். எழுந்து ஓட வேண்டும்.